கால் ஏக்கர் சாமையும் இரண்டு கேனும்

ஆடி 12, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஏழே கால் மணிக்கு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை எடுத்தேன்: இனி சிறுநீர் கழிப்பது கழிப்பறையில் அல்ல, மூடி போட்ட இருபது லிட்டர் கேனில்.

காரணங்கள். நாளை எட்டாம் வகுப்புக்கு நைட்ரஜன் சுழற்சி நடத்த வேண்டும். பாடப்புத்தகப் படத்தில் மின்னல் உண்டு, மரம் உண்டு, மாடு உண்டு, மனிதனுக்கு இடமில்லை. மேலும், வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் சாமை லேசான மஞ்சள். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். பயிர் அதற்குள் நின்றபடியே பட்டினி.

மனைவி வெள்ளச்சியிடம் அறிவித்தேன். நிலம் அவளுடையது. விதை அவள் அம்மா கொடுத்தது. வருடா வருடம் அறுப்பில் எடுத்து வைக்கிறாள். வீட்டுக்குச் சாமைச்சோறு, அடுத்த வருடத்துக்கு விதை, இரண்டுமே இந்தத் துண்டில்தான்.

“இன்னாது, கேன்லயா? வூட்டுக்குள்ள வெச்சிங்கன்னா நான் தம்பி வூட்டுக்குப் போய்டுவேன்.”

கேன் வெளியே, முருங்கை அடியில்.

ஆடி 13, திங்கள்

வெயில். போர்டில் வட்டம், அம்புக்குறிகள். சிறுநீரின் யூரியா அம்மோனியா ஆகும். மண்ணின் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்கும். பயிர் வேர்வழி உறிஞ்சும். பயிரை நாம் தின்போம். மறுபடி கேன். குறை சொல்ல முடியாத வட்டம்.

ஒரே குறை, உற்பத்தி. ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான். பள்ளியின் மாணவர் கழிப்பறை நினைவுக்கு வந்தது. தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

“சார், அது ஸ்கூல் சொத்துல வருமா? ஆடிட்ல கேட்டா இன்னா சொல்றது?”

வாய்மொழி அனுமதி. எழுத்தில் எதுவும் வேண்டாமாம்.

ஆடி 19, ஞாயிறு

மேகமூட்டம். பள்ளி நாட்களில் மொபெட்டில் தினம் இரண்டு கேன். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்பது விதி. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மூன்று பங்கு. நேற்று மீதி இருந்ததை இன்று ஊற்றும்போது மைத்துனன் காளி வந்தான்.

“இன்னா மாமா, பாலா?”

“நைட்ரஜன்.”

மூடியைத் திறந்தான். மூடினான். இரண்டடி தள்ளி நின்றான்.

“சாமைக்கா? வேணாம் மாமா. அதுக்கு எருவைக் கண்ல காட்னாலே கொழுப்பெடுத்து ஆடும். போன வருசம் கொள்ளு போட்ட நெலத்துல இந்த வருசம் சாமை. அவ்ளோதான். நாங்க ஒண்ணும் ஊத்த மாட்டோம்.”

கொள்ளின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பதையும், அது மண்ணில் தங்கி அடுத்த பயிருக்கு உதவுவதையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டான்.

“அதத்தான நானும் சொன்னேன்?”

வாங்க வேண்டியவை: கேனுக்கு மூடி, பெரிய கைக்குட்டை, துவரம்பருப்பு.

ஆவணி 9, ஞாயிறு

காற்று. மஞ்சள் போயே போயிற்று. கரும்பச்சை, இடுப்புக்கு மேல். காளியின் சாமை தொடையளவு, வெளிறிய நிறம், பார்க்கப் பரிதாபம். ரோட்டில் ஜீப்பில் போகிறவர்கள் நிறுத்திப் பார்க்கிறார்கள். தலைமையாசிரியர் வந்து பயிரின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மூக்கைப் பொத்தியபடி எடுத்த முதல் போட்டோவை அழித்துவிட்டார்.

வெள்ளச்சி ஒரு தண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“உள்ள வெறும் தண்ணியா கீது. போதும், நிறுத்துங்க.”

“இன்னும் ரெண்டு வாரம்.”

“எங்கம்மா வெதைங்க அது.”

இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம்தான் என்று உறுதியளித்தேன்.

புரட்டாசி 11, வெள்ளி

புழுக்கம். முழங்கால் வலி. காளி வயலில் அறுப்பு. கதிர் காய்ந்து தலை தொங்குகிறது. நம்முடையது மார்பளவு. பச்சை. பெரும்பாலும் இப்போதுதான் பூ. வெள்ளச்சி தம்பி வயலுக்கு அறுக்கப் போனாள். போகும்போது இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நாலு மணிக்கு இடி, பெருமழை. மின்னலும் காற்றின் நைட்ரஜனைக் கட்டி மழையோடு மண்ணுக்கு அனுப்பும். பாடத்தில் இருக்கிறது. இப்போதைக்குத் தேவையில்லை என்று அதற்குத் தெரிவிக்க வழியில்லை.

புரட்டாசி 12, சனி

மழை விட்டது. சாமை முழுதும் படுத்துவிட்டது. ஒரே திசையில், ஒழுங்காக, பாய் விரித்ததுபோல். நிற்பது, நான் கேனைத் தூக்கிக்கொண்டு போக முடியாத பாறை மூலையில் நாலு கைப்பிடி. காளி வந்து பார்த்தான்.

“தூக்கிக் கட்டிடலாமா?” என்றேன்.

“கால் ஏக்கரையுமா? ஸ்கூல் பசங்களக் கூப்டுங்க மாமா. அவுங்க பங்கும் இதுல கீதே.”

வெள்ளச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குனிந்து, முந்தி வந்த கதிர் ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். கை காலி.

“பதரு,” என்றாள். பாறை மூலைக்குப் போய், நின்றிருந்த கதிர்களை விதைக்கென்று ஒதுக்கி, சுற்றி முள் வைத்தாள்.

புரட்டாசி 13, ஞாயிறு

நல்ல வெயில். படுத்ததை எல்லாம் இருவருமாக அறுத்தோம். வீட்டு மாட்டுக்குப் போட்டோம். மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு, கொள்ளு ரசம். கொள்ளு காளி வீட்டிலிருந்து.

புரட்டாசி 14, திங்கள்

மாடு வழக்கத்தைவிட ஒரு கூடை சாணி அதிகமாகப் போட்டது.