புகையைக் கணக்குப் பார்க்கும் மகனுக்கு

எருமப்பட்டி,
ஐப்பசி மாதம்.

அன்பு மகன் குணசீலனுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் அக்கா தனப்பிரியாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. மழை நன்றாகப் பெய்திருக்கிறது. பண்ணையில் மிச்சம் இருக்கும் கோழிகள் ஒழுங்காக முட்டையிடுகின்றன. ராசிபுரத்திலிருந்து அக்கா அவ்வப்போது வந்து தீவனம், மருந்தெல்லாம் பார்த்துவிட்டுப் போகிறாள்.

நீ போனில் பேசி ரொம்ப நாளாகிவிட்டது. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. வேலை இருக்கிறது என்று மட்டும் செய்தி அனுப்புகிறாய். பால்வாடியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள், சொந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத மாட்டேனா என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ ஏன் பேசுவதில்லை என்பது போன வாரம்தான் எனக்குப் புரிந்தது. உங்கள் கம்பெனியைப் பற்றி வந்த செய்தியை அக்கா படித்துச் சொன்னாள். 2030-க்குள் புகையைப் பாதியாகக் குறைப்போம் என்று உலகத்துக்கே சொன்னதைக் கைவிட்டுவிட்டார்களாம். புதுத் தேதி எதுவும் சொல்லவில்லையாம். வேலைக்காகவோ சொந்தக் காரியத்துக்காகவோ விமானம் ஏற மாட்டோம் என்று நீங்கள் சிலர் கையெழுத்துப் போட்டீர்களே, அந்தப் பக்கத்தையும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். முதல் கையெழுத்து உன்னுடையது அல்லவா.

அந்தக் கையெழுத்தில் உங்கப்பாவுக்கு இருந்த பெருமை உனக்கு முழுசாகத் தெரியாது. பையன் வெளிநாட்டில் என்ன வேலை என்று முட்டை லாரிக்காரர்கள் கேட்டால், "பாட்டுக் கேக்கற பெட்டி செய்யற கம்பெனிங்க. அதுல என்ற பையன் புகையைக் கணக்குப் பாக்கறானுங்க" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். இவர் சிரிக்க மாட்டார். ஒரு ஸ்பீக்கர் செய்ய எவ்வளவு கரி எரிகிறது, அது கடைக்குப் போய்ச் சேர எவ்வளவு எண்ணெய் எரிகிறது என்று நீ சொன்னதையெல்லாம் நிறுத்தி நிதானமாக விளக்குவார். நம் ஊர் வெயில் இப்படி ஏறிப்போனது எதனால் என்றும் சொல்வார்.

அந்த வெயிலில்தான் அவர் போனார். அன்று என்ன நடந்தது என்று உன்னிடம் நான் முழுதாகச் சொல்லவே இல்லை. சித்திரைக் கடைசி, உச்சி வேளை. கரண்ட் போய், கொட்டகையில் நீர் தூவும் குழாய்கள் நின்றுவிட்டன. கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. உங்கப்பா தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கிவந்து தெளித்தார். போதும் வாங்க என்று கூப்பிட்டேன். "இன்னொரு வரிசை இருக்குது புள்ள" என்றார். அந்த வரிசையின் நடுவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் மடியில் அவர் தலை கொதித்தது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம், வந்துவிடு என்று உன்னிடம் சொன்னேன். "நானே விமானம் ஏறிட்டா மத்த யாரும் நிக்க மாட்டாங்கம்மா. அப்பாவக் கொன்ன வெயிலுக்கு நானும் புகை போட்டுட்டு எப்படிம்மா வருவேன்" என்று அழுதாய். சரி சாமி என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. அன்று உன்மேல் எனக்கு ஆறாத கோபம்.

சொந்தக்காரர்களிடம் விசா கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தேன். உன் அத்தை சென்னியம்மாள் நம்பவில்லை. "அப்பன் மூஞ்சியப் பாக்க வராதவன் என்ன பையன்" என்று பந்தலில் எல்லார் முன்னாலும் கேட்டார். கொள்ளி வைக்கப் பங்காளி ஒருவர் முன்னே வந்தார். உன் அக்கா அவர் கையிலிருந்து குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, "எங்கப்பனுக்கு நானே வெக்கறனுங்க, என்ற தம்பிக்கும் சேர்த்தி" என்றாள். உன் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது கம்பெனி வார்த்தை மாறிவிட்டது. இதற்காகவா அப்பாவைக் கடைசியாகப் பார்க்காமல் இருந்தோம் என்று அந்தக் குளிர் தேசத்தில் நீ தனியாக உட்கார்ந்து மருகுவது எனக்குத் தெரிகிறது. மருகாதே. சொன்னதை விட்டது அவர்கள்தான், நீ இல்லை. இப்போது நீயும் விட்டுவிட்டால், அன்று நீ வராமல் இருந்ததற்கு ஒரு பொருளும் இல்லாமல் போய்விடும். அதை என்னால் தாங்க முடியாது. ஆகையால் எனக்காக விமானம் ஏறாதே. நானே மனசு கேட்காமல் ஒருநாள் அழுது கூப்பிட்டாலும் ஏறாதே.

கோபம் எப்போது போனது என்று கேட்டால் எனக்கே தெரியாது. இந்த வருடம் ஆடியில்கூட வெயில் தணியவில்லை. கொட்டகையில் நின்றுகொண்டு, நம் பிள்ளை சொன்னது சரிதானே என்று உங்கப்பாவிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அக்கா படித்த செய்தியின் கடைசியில், ஸ்பீக்கர் பெட்டிகளை மட்டும் இனியும் கப்பலில்தான் அனுப்புவார்கள் என்று இருந்ததாம். செலவு குறைவு என்பதால் அதை விடவில்லையாம். அந்தக் கப்பல் நம் நாட்டுப் பக்கம் வருமா? ஆட்களை ஏற்றுவார்களா? விசாரித்துப் பார் சாமி. எத்தனை நாளானாலும் ஆகட்டும். லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. இங்கே உனக்குச் சோறு இருக்கிறது.

நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ வர வேண்டாம். அதற்கு விமானம்தான் வேண்டியிருக்கும். நான் இருக்கும்போதே வா. அதற்குக் கப்பல் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. மாரியாத்தா உன்னோடு துணையாக வரட்டும். மெதுவாகவே வா.

உன் அம்மா,
பூவாத்தாள்.