வெள்ளவத்தையில் நோக்கம் தேடுகிறார்கள்

என் அன்பான முத்தையா அண்ணனுக்கு,

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மா எழுதுகிறார். நீங்கள் போய் ஒரு வருசம். திவசத்துக்கு உங்கள் மகன் ரவி நினைவு மலர் அச்சடிக்கிறான். “அப்பாவோட வாழ்க்கையின் உயர்ந்த நோக்கம் என்னன்னு ஒரு பக்கம் சொல்லுங்க சித்தப்பா” என்றான். கொட்டாஞ்சேனையில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த மனிதனுக்கு நோக்கம் வேண்டுமாம், அதுவும் அச்சில்.

இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் இதுதான் வியாதி. ரவியும் கூட்டாளிகளும் ஞாயிறு காலையில் ஏசி போட்ட மண்டபத்தில் கூடி, வெள்ளை உடுத்தி, கண்ணை மூடி, பிறந்தது எதற்கு என்று தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். பேங்கில் வேலை, கடல் தெரிகிற வீடு, ஆனாலும் உள்ளே ஏதோ காலியாம். அந்தக் காலி பொய்யென்று நான் சொல்லவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கும் அது வரும். அதை நிரப்ப இவர்கள் போகிற இடத்தைப் பார்த்தால்தான் காறித் துப்ப வருகிறது.

போன ஞாயிறு என்னையும் கூட்டிப்போய் மெத்தைக் கதிரையில் உட்காரவைத்தான். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார்கள். நான் மூடவில்லை, செருப்பு வெளியே கிடந்தது.

அதனால் வாசலில் நின்ற பெண்ணை முதலில் நான்தான் கண்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பெயர் வேண்டாம். அன்று விடியற்காலை அவர்கள் தங்கியிருந்த லாட்ஜைப் பொலிஸ் சுற்றிவளைத்து, வடக்கிலிருந்து வந்தவன் ஸ்டேசனில் பதியவில்லையென்று அவள் புருஷனை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கொழும்புக்காரர் ஒருவர் பொறுப்பெடுத்தால் விடுவார்கள். இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்களோ, யாருக்குத் தெரியும்? யாரோ உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இல்லையென்றதும் மகனைத் தேடி வந்துவிட்டாள்.

ஒருக்கா ஸ்டேசனுக்கு வந்து கதைத்தால் போதும் என்று, எழுந்து வந்த ரவியிடம் கெஞ்சினாள். ரவி திரும்பித் திரும்பி மண்டபத்தைப் பார்த்தான். தியானம் முடியட்டும் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, தங்கள் பெயரும் பொலிஸ் புத்தகத்தில் ஏறிவிடும், அவளுக்காக எல்லோரும் பிரார்த்திக்கிறோம் என்றான்.

“பிரார்த்தனையை அவங்கள் எடுக்கமாட்டாங்கள் அண்ணா. அடையாள அட்டைதான் கேக்கிறாங்கள்” என்றாள்.

அண்ணே, ரவியை மட்டும் ஏசினால் நான் கள்ளன். கடையைப் பூட்டிவிட்டு இதே வேலைக்கு நீங்கள் கிளம்பும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் முதுகுவலி என்றேன். அது பயம். எதற்கு இந்த வம்பு என்று ஒருநாள் கேட்டதற்கு, “அவனுக்கு இங்க ஆளில்லடா” என்றீர்கள். அதற்கு மேல் ஏதாவது இருந்ததா? இருந்தால் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

அந்தப் பிள்ளையோடு நான் போனேன். நீங்கள் செய்தது போலவே சிங்களத்தில் உறவு சொன்னேன், என் தங்கச்சி மகன் என்று. ஸ்டேசன் சார்ஜன் பழைய ஆள், சிரித்துவிட்டான். “யாழ்ப்பாணம் முழுக்கத் தங்கச்சிமார் முத்தையாவுக்குத்தான் என்று நினைத்தேன், புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற உனக்குமா?” என்று கேட்டான். பொய்யென்று தெரிந்தேதான் எழுதிக்கொண்டான். நீட்டின கடுதாசியில் பெருவிரலை வைத்தேன். என்ன எழுதியிருந்ததோ. ஆள் காணாமல் போனால் என்னை உள்ளே போடுவோம் என்பதை மட்டும் வாயால் சொன்னான்.

பின்னேரம் ஆளை விட்டார்கள். மறுநாள் ரவி வந்தான். வெட்கப்பட்டு வந்தானென்றா நினைக்கிறீர்கள்? நடந்ததை அடுத்த ஞாயிறு நான் மண்டபத்தில் பேச வேண்டுமாம், கேட்கிறவர்களுக்கு உற்சாகமாக இருக்குமாம்.

“வாற திங்கக்கிழமை அவன் ஸ்டேசன்ல கையெழுத்துப் போடணும். நீ வாறியா?” என்றேன்.

மணிக்கூட்டைப் பார்த்தான். ஆபீஸ் இருக்கிறதாம்.

இதை மலரில் போடுவானோ, கிழிப்பானோ, அவன் பாடு. உங்களுக்கு நான் ஒன்று சொல்லிவைக்கிறேன். அந்த இரண்டு பேரும் ஊர் திரும்பக் கப்பலோ பிளேனோ ஏறும் வரைக்கும் திங்கள்தோறும் நான் கூடப் போவேன். பயம் போகவில்லை அண்ணே. இருக்கட்டும், போவேன். ஒரு திங்கள் என்னையும் உள்ளே வைத்துக்கொண்டால் எனக்கு யார் வருவார் என்று டீச்சரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். எழுதுங்கள் என்றேன்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
சண்முகம்