பிளக்கைப் பிடுங்கிய விவரம்

அன்பு மனைவி பிளேவியாவுக்கு,

இறைவன் அருளால் அடையாறில் நான் சுகம். தூத்துக்குடியில் உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் நடுவில் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

எந்த வேலை யாரிடம், எதுவரை முடிந்தது என்று காட்டும் மென்பொருளை எங்கள் ஆபீஸில் செய்கிறோம். அந்த விவரங்களை எந்த டேட்டாபேஸில் வைப்பது என்பதில் சண்டை. மேனேஜர் ஷ்ரவண் வேகமான புதியது ஒன்றைப் பிடித்துக்கொண்டான். கரண்ட் போனால் அது கடைசியாக எழுதியதைத் தொலைத்துவிடும், பழைய போஸ்ட்கிரெஸ்தான் தொலைக்காது என்றேன்.

"அங்கிள், நீங்க எந்த காலேஜ்?" என்றான். நான் காலேஜ் போகாமல் பழைய புத்தகம் வாங்கிப் படித்தவன் என்று தெரிந்தே கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

வியாழனன்று வாடிக்கையாளருக்கு மென்பொருளை ஓட்டிக் காட்டினார்கள். நான் எழுந்துபோய் சர்வர் பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி ஓடியபோது, அப்போது பதிந்த நாற்பது வேலைகளும் இல்லை.

பிறகு ஷ்ரவண் என்னைக் கூப்பிட்டான். "நீங்க சொன்னது கரெக்ட் அங்கிள். போஸ்ட்கிரெஸ்ஸே போடறோம். ஆனா கிளையன்ட் முன்னாடி மானத்த வாங்கிட்டீங்க. எல்லார் முன்னாடியும் சாரி சொல்லுங்க. இல்லன்னா, அத மாத்திக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

கிண்டியில் வேலை கேட்டிருக்கிறேன். கிடைக்கும்வரை ஊருக்கு வரமாட்டேன், கிறிஸ்துமஸுக்கும்தான். மீன்குழம்புப் பொடி அனுப்பு. ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று சீட்டில் எழுதிவை. கூரியர்காரன் கடையை மூடப்போகிறான். யாராவது கேட்டால், நான் சொன்னதைத்தான் போட்டார்கள் என்று சொல்.

செலஸ்டின்