செடிக்கும் மாமாவுக்கும் கட்டிய பை

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம், நீயும் நீ காவல் காக்கிற மரங்களும் அப்படியே இருக்க வேண்டும். கடிதம் கிடைத்தது. மழைக்காடு வானத்துக்கு விடும் நீராவி முப்பது வருடமாகக் குறைந்து வருவது போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல இன்னும் பத்து வருடம் அங்கேயே இருந்து அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பத்து வருடம் என்றதும் உன் அம்மா கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், அன்றைக்கு எதிலும் உப்பில்லை.

நீராவி விஷயத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சலவை ஆலை பாய்லரில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். மணிக்கொரு தரம் அளந்து எழுதினால் ஒரே ஷிப்டில் கோளாறு தெரிந்துவிடும், பத்து வருடம் எதற்கு? அதைக் காட்டத்தான் மாடியிலுள்ள செம்பருத்திக் கிளைக்கு பாலித்தீன் பை கட்டினேன். மணிக்கு அரை ஸ்பூன் தண்ணீர் சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று, வெட்டியாக உட்கார்ந்திருந்த உன் மாமாவின் காலுக்கும் ஒரு பை. வியர்வை சேர்ந்ததில் செடியைவிட அவர் அதிகம். அன்றிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை, காட்டுக்குப் பதிலாகத் தான் ஒருவரே போதும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். செவ்வாய்க்கிழமை செடியின் அளவு பாதியாக விழுந்தது. உலகமே போச்சு என்று பதறி ஓடினால், உன் அம்மா வெயிலை மறைத்துப் போர்வை காயப் போட்டிருக்கிறாள். நான் கத்தி ஓய்ந்ததும், "அந்தப் பைய அவுத்துட்டு பொண்ண வரச் சொல்லுங்க" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. ஒரு போர்வை போதும் ஒரு நாள் அளவைக் கெடுக்க, ஆகவே வருடக்கணக்கில் அளந்தால்தான் உண்மை தெரியும், நீ சொன்னதே சரி. ஆனால் எனக்கு எழுபத்து மூன்று. அத்தனை காலம் என்னால் பொறுக்க முடியாது கண்ணு.

அதனால் உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் மேலதிகாரிக்கு உன் பெயரில் பதினைந்து நாள் விடுப்பு கேட்டு எழுதிவிட்டேன். பாய்லரில் மாற்று ஆள் வராமல் யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது, அந்த முறைப்படி உனக்கு மாற்றாக உன் மாமா பெட்டி கட்டித் தயாராக இருக்கிறார். விடுப்புக்குக் காரணம், தகப்பனிடமும் நீண்டகாலக் குறைவு காணப்படுகிறது, நேரில் வந்து அளக்க வேண்டும் என்று போட்டிருக்கிறேன்.

பூச்சி பொட்டு அண்டாமல் நூறு வருடம் நன்றாக இரு. பூட்ஸை உதறிவிட்டு மாட்டு. பாய்லர் வழக்கப்படி எந்த அளவுக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பதால் உன் அம்மாவும் கீழே போடுகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பார்த்தேன். அவர் எழுதியிருப்பதைவிட அதிகமாகவே குறைந்திருக்கிறது.
அம்மா