எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர, அது கொஞ்ச நாளாகத் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மருமகளும் குழந்தையும் நலம்தானே, குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல்லி அம்மா இரண்டு முறை ஞாபகப்படுத்திவிட்டாள். போனில் பேசினால் அவள் பக்கத்தில் இருப்பாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

முழங்காலைச் சாக்கிட்டுக் கிளைச் செயலாளர் பதவியை விடப்போவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்கு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு முன்னறையிலேயே கூட்டம் போட்டார்கள். பதினெட்டு வருடமாகத் துணைச் செயலாளராக இருக்கும் தையல்கடை அம்மாதான் அடுத்தது என்று நினைத்திருந்தேன், அவரும் நினைத்திருப்பார். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்த வீட்டில் ஓய்வூதியம் நின்றுபோனது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மனு எழுதிக்கொண்டு அலைந்தது அவர்தான். மருந்துக்கடைக்காரர் எழுந்து உன்னைத்தான் முன்மொழிந்தார். அவன் வெளிநாட்டில் இருக்கிறானே என்றேன், அதனால் என்ன, உங்கள் ரத்தம் அல்லவா, போனிலேயே பார்த்துக்கொள்வார் என்றார். கட்சியில் உறுப்பினரே இல்லையே என்றேன், உடனே படிவம் நிரப்பிவிட்டார்கள். புகைப்படத்துக்குச் சுவரில் இருந்த உன் கல்யாணப் படத்தைக் கழற்றிப் போயிருக்கிறார்கள், மருமகளை வெட்டிவிட்டு ஒட்டுவார்களாம், அவளிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

நம் கட்சியின் முறை உனக்குத் தெரியாது. ஆதரிப்பவர்களை யாரும் கேட்பதில்லை, எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்று சொல்லிவிட்டு மூன்று வரை எண்ணுவோம், அவ்வளவுதான் தேர்தல். தலைவரின் மகன் தலைவரானதும் இப்படித்தான், அன்றைக்கு நான் வீட்டில் போட்ட சத்தத்தில் அம்மா ஜன்னலைச் சாத்தினாள். அதற்குப் பிறகு உழைத்தவர்களில் பாதிப் பேர் ஒதுங்கிவிட்டார்கள், மீதிப் பேர் தங்கள் பிள்ளைகளுக்கு மேடைப்பேச்சு கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்த முறை ஒரே ஒரு கை உயர்ந்தது, தையல்கடை அம்மாவின் கை. இதுவரை யாரும் தூக்கியதில்லை என்பதால் அதை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவே வழிமொழிந்துவிட்டார் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். தையல்கடை அம்மா கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். தீர்மானப் புத்தகம் என் மடியில்தான் இருந்தது. வழிமொழிந்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை நானே எழுதினேன்.

உன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. உன்னைத் தேர்ந்தெடுத்து அவர்கள் கை தட்டியபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டதப்பா, வெட்கமாக இருக்கிறது. மூன்று நாளாக அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். நீ இந்தப் பதவி வேண்டாம் என்று இரண்டே வரி எழுதி அனுப்பு, மறுபடி கூட்டம் போட்டே ஆகவேண்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே, அந்தக் கடிதத்தை என் பெயருக்கு அனுப்பாதே, தையல்கடை விலாசத்துக்கே அனுப்பு. என் கையில் கிடைத்தால் பிரிக்காமலே வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா