சுவருக்குள் இல்லாத இளவரசி

மே 6

எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே கேள்வி: கோட்டை எங்கே? இடுப்பளவுச் சுவர் நான்கும் ஒரு படிக்கட்டின் அடியும்தான் மிச்சம். கத்தோலிக்க ஆயர் ஒருவர் கட்டியது. நாடு புரட்டஸ்தாந்துக்கு மாறியதும் ஆளில்லாமல் போனது, கூரை ஒழுகியது, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கல்லை ஏற்றிப்போய் மாட்டுத் தொழுவம் கட்டினார்கள். இதைச் சொன்னால் கைபேசியில் நேரம் பார்க்கிறார்கள். இதற்குத்தான் ஒஸ்லோவில் ஐந்து வருடம் வரலாறு படித்து வழிகாட்டியானேன்.

மே 11

புதிய மேலாளர் ஷ்யாம், சென்னைக்காரர். வரலாறு என்று சொல்லமாட்டார், ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்பார். என் தமிழ் ‘ரொம்ப க்யூட்’டாம்.

மே 19

இளவரசி ஒருத்தி பிறந்துவிட்டாள் – மதிய இடைவேளையில், ஷ்யாமின் மடிக்கணினியில். காதலனோடு ஓடப் பார்த்தவளை உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டினார்களாம். ஆயர் வீட்டில் இளவரசிக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

“யாருங்க போய் செக் பண்ணப் போறாங்க?”

கதையை எழுதி வைக்கும் பலகையில் என் பெயரையும் ‘வரலாற்று ஆலோசகர்: ராகவி ஜெகதீஸ்வரன்’ என்று போடுவார்களாம். சம்மதித்தால் நிரந்தர வேலை.

மே 20

கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 14

நூற்றுப்பத்துப் பேர். வடக்குச் சுவரைத் தடவி, முகத்தைச் சோகமாக்கிப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சுவரைப் போன கோடையில்தான் சீமெந்து வைத்து நிமிர்த்தினார்கள். மடையர்கள். அவர்களுக்குக் கதை சொல்லும் நான்? அதை எழுதவேண்டாம்.

ஜூன் 23

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பக்கமிருந்து கமலேஸ்வரி என்ற அன்ரி தனியாக வந்தார். சுவரடியில் வெள்ளைப் பூ வைத்து நெடுநேரம் நின்றார். அவருடைய மகள் 2009இல் வன்னியில் காணாமல் போனவள்.

“இந்தப் பிள்ளை எங்கை கிடக்கிறாள் எண்டாவது தெரியுது,” என்றார்.

என்னால் முடியவில்லை. “அன்ரி, அப்பிடி ஒரு பிள்ளை இருக்கேல்லை. அது கட்டுக்கதை.”

அவர் பலகையை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதிலை உங்கடை பேர்தானே பிள்ளை போட்டிருக்கு?”

பூவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

சீ. ஷ்யாமை எத்தினை தரம் இந்த டயறியிலை நக்கலடிச்சனான். கையெழுத்து ஆற்றை, என்ரைதானே?

ஜூன் 24

என் பெயரை எடுக்கும்படி எழுதிக் கொடுத்தேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்றார் ஷ்யாம். வேலையும் அதோடு போயிற்று.

ஆகஸ்ட் 30

இளவரசி இன்னும் இருக்கிறாள். ஷ்யாமுக்குக் கூட்டம் குறையவில்லை.

ஞாயிறுகளில் வெளிப்பாதையில் நின்று, சம்பளமில்லாமல், நடந்ததை மட்டும் சொல்கிறேன். இன்று மூன்று பேர். இரண்டு பேர் பாதியில் கழன்றார்கள். மற்றவர் மழை தொடங்கியும் நின்று, இங்கே சமையல் செய்தவர்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன்.