அப்பா அடித்த புல்மருந்து

ஜூலை 12, சனிக்கிழமை

இன்று நடந்ததை எதையும் மறைக்காமல் எழுதப் போகிறேன். பள்ளித் தோட்டத்தில் பயறு, கத்தரி, கீரை மூன்றையும் கலந்து நட்டிருந்தோம். ஈரம் காயாமலிருக்க இடையில் புல்லை விட்டுவைக்கச் சொல்லிச் சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் அப்பா, எனக்கு உதவுவதாக நினைத்து, காலையிலேயே போய் ஒரு மூலை தவிரப் பாத்தி முழுக்கப் புல்மருந்து அடித்துவிட்டார்.

"பாரு பாப்பா, இனிமே ஒரு புல்லு இருக்காதுலா. உன் தோட்டந்தான் கிளீன்!"

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "தேங்க்ஸ்ப்பா" என்றேன்.

இரண்டாம் வகுப்புக் கவிதா கீரை பறிக்க வந்தாள்.

"வேணாம்டி, மருந்து பட்டிருக்கு."

"அக்கா, யாரு அடிச்சா?"

"தெரியல" என்றேன்.

விட்டுப்போன மூலையிலும் நாளை அடித்துத் தருகிறாராம் அப்பா. எப்படித் தடுப்பது? அப்பா தம் அறை விளக்கை அணைத்துவிட்டார்.